கல்ட் படக் கையேடுகள்: எந்தப் பிரிண்டைப் பார்த்து எழுதினார்கள்?

அமெரிக்க, ஐரோப்பிய கல்ட் படங்களுக்கும் (ஒரு ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படங்கள்) மலிவுத் தயாரிப்புகளுக்கும் வந்த கையேடுகளைப் பற்றிய கேள்விகள் இவை. எதை வாங்குவது, எப்படிப் படிப்பது, எங்கே ஏமாறுவோம் என்பவைதான் பெரும்பாலும்.

சார், ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்? (கோவை)

மைக்கேல் வெல்டனின் 'சைக்கோட்ரானிக் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலிம்', 1983. 3,000-க்கு மேல் படங்கள், அகர வரிசை, படத்துக்கு ஒரு சின்னப் பத்தி. பேய்ப் படம், பைக் கும்பல் படம், கடற்கரைப் பாட்டுப் படம் எல்லாம் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நட்சத்திர மதிப்பெண் கிடையாது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. இந்த வகைப் படங்களுக்கு இரண்டரை நட்சத்திரம் என்று போட்டால் யாருக்கு என்ன புரியும்?

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இது 1980-இல் நியூயார்க்கில், அந்த வாரம் டிவியில் என்னென்ன ஓடும் என்று ஜெராக்ஸ் தாளில் போட்டு விற்றதிலிருந்து வளர்ந்த புத்தகம். டிவி பிரிண்ட், அதாவது டிவியில் ஓட்டிய பிரதிதான் வேர். பிற்பாடு வந்த ப்ளூரேயோடு கதை விவரம் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே வெல்டன் மேல் பழி போடாதீர்கள்.

1996-இல் வந்த 'சைக்கோட்ரானிக் வீடியோ கைட்' இதன் திருத்திய பதிப்பு இல்லை, தொடர்ச்சி. புதுசு இருக்கிறதே என்று பழையதை விட்டுவிடக் கூடாது.

டேனி பியரியின் 'கல்ட் மூவிஸ்' அதைவிட நல்லது என்கிறார்களே?

அது வேறு வேலைக்கு. மூன்று தொகுதிகள்: 1981-இல் 100 படங்கள், 1983-இல் 50, 1988-இல் 50. படத்துக்கு ஒரு முழுக் கட்டுரை. ராத்திரி உட்கார்ந்து படிக்க அதுதான் சுகம். ஆனால் பெயர் தெரியாத படம் ஒன்று கையில் சிக்கியது, அது என்ன ஏது என்று தேட 200 படங்கள் எந்த மூலைக்குக் காணும்? பியரியிடமிருந்தே பட்டியல் வேண்டுமென்றால் 1986-இல் வந்த 'கைட் ஃபார் தி ஃபிலிம் ஃபனாட்டிக்' இருக்கிறது.

பி படம், கல்ட் படம், எக்ஸ்ப்ளாய்டேஷன் மூன்றும் ஒன்றா?

இல்லை. பி என்பது தரத்துக்குப் போட்ட கிரேடு இல்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில் கூடவே ஓடிய இரண்டாவது படம் அது, பெரும்பாலும் 60, 70 நிமிடம். எக்ஸ்ப்ளாய்டேஷன் என்பது விற்கும் முறை: பெரிய நடிகர் இல்லை, ஆகவே விஷயத்தையும் போஸ்டரையும் வைத்துக் கூட்டம் சேர்ப்பது. கல்ட் என்பது படம் வெளிவந்த பிறகு ரசிகர்கள் தருவது, தயாரிப்பாளர் கையில் இல்லை. கையேடு வாங்குமுன் இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று முன்னுரையில் பாருங்கள்.

அண்ணா, அமெரிக்கப் புத்தகத்தில் 90 நிமிடம் என்று இருக்கும் படம் பிரிட்டிஷ் டிவிடியில் 86 நிமிடம்தான் ஓடுகிறது. நாலு நிமிடம் சென்சாரில் போய்விட்டதா? (லண்டன்)

அனேகமாக ஒரு ஃபிரேம்கூடப் போகவில்லை. தியேட்டரில் படம் விநாடிக்கு 24 ஃபிரேம். பால் (PAL) என்ற டிவி முறையில் வீடியோ விநாடிக்கு 25. பிரிட்டன், ஐரோப்பாவின் பெரும்பகுதி, இந்தியா, இலங்கை எல்லாம் பால் முறையில் இருந்தவை. அந்த நாடுகளில் படத்தை அப்படியே 25-இல் ஓடவிட்டு வீடியோ ஆக்கினார்கள். ஆகவே எல்லாம் 4 சதவீதம் வேகம். 90-ஐ 0.96-ஆல் பெருக்குங்கள்: 86 நிமிடம் 24 விநாடி. திருப்பிக் கணக்குப் போட வீடியோ நேரத்தை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க வேண்டும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இந்தச் சுருக்கம் கிடையாது.

வேகமா, வெட்டா என்று சோதிக்க ஸ்டாப்வாட்ச் போதும். இரண்டு பிரதியிலும் ஒரே காட்சியை எடுங்கள். கதவு திறப்பதில் தொடங்கி விளக்கு அணைவது வரை என்று தெளிவான இரண்டு புள்ளி. ஒன்றில் 5 நிமிடம், மற்றதில் 4 நிமிடம் 48 விநாடி என்றால் அது வேகம். இப்படி முதல் ரீல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மூன்றிலும் அதே விகிதம் வந்து, மொத்த நேரமும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால் வெட்டு இல்லை. மூன்றும் சரியாக வந்தும் மொத்தம் மட்டும் இன்னும் குறைவாக இருந்தால், நீங்கள் அளக்காத இடத்தில் கத்தரி விழுந்திருக்கிறது.

காதே போதும் என்பவர்களுக்கு: பால் பிரதியில் பின்னணி இசை கால் கட்டைக்கு மேலே, அரைக் கட்டைக்குக் கீழே ஏறிக் கேட்கும். சில டிவிடிகளில் சுருதியைத் திருத்திவிடுவார்கள், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பழைய சென்சார் பதிவுகளில் நிமிடமே இருக்காது, நீளம்தான் இருக்கும். 35 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.43. 16 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 36 அடி. 35 மி.மீ.யில் 7,200 அடி என்றால் 80 நிமிடம். இந்த அளவு பேசும் படத்துக்கு மட்டும். மௌனப் படங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடியவை.

தலைகீழாகவும் நடக்கும், அதாவது புத்தகத்தில் இருப்பதைவிடப் படம் நீளமாக இருக்கும். மலிவுப் படங்களுக்குப் பேர்போன ரோஜர் கார்மனின் 'தி வாஸ்ப் வுமன்' (1959) தியேட்டரில் 61 நிமிடம்தான். டிவிக்கு விற்கும்போது நேரம் போதவில்லை என்று இயக்குநர் ஜாக் ஹில்லை வைத்துப் புதுக் காட்சி எடுத்து ஒட்டி 73 நிமிடமாக்கினார்கள். கையேட்டில் 73 என்று கண்டால் எழுதியவர் பார்த்தது டிவி பிரிண்ட்.

ஒரு புத்தகத்தில் 'பிளட் பாத்' 1966 அமெரிக்கப் படம், இன்னொன்றில் 1971 இத்தாலியப் படம். எது தப்பு?

இரண்டும் சரி. படங்கள் வேறு.

1971 படம் இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவுடையது. இத்தாலியப் பெயர் 'ரியாட்சியோனே அ கதேனா', அதாவது தொடர்வினை. ஆங்கிலத்தில் 'எ பே ஆஃப் பிளட்', 'ட்விட்ச் ஆஃப் தி டெத் நர்வ்', 'கார்னேஜ்', கூடவே 'பிளட் பாத்'. விநியோகஸ்தர் மாற மாற பெயரும் மாறியது. வேறொருவர் படத்தின் இரண்டாம் பாகம் என்று சொல்லிக்கூட இதை விற்றிருக்கிறார்கள்.

1966 படத்தின் கதை இன்னும் சிக்கல். கார்மன் 1963-இல் யூகோஸ்லாவியாவில் எடுக்கப்பட்ட 'ஆபரேஷன் டிஷன்' என்ற குற்றப் படத்தில் பணம் போட்டார். வந்த படம் திருப்தியில்லை. அதை மாற்றி வெட்டி 'போர்ட்ரெய்ட் இன் டெரர்' என்று டிவிக்குப் போனது ஒரு வடிவம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஜாக் ஹில் கலிபோர்னியாவில் கொலைகார ஓவியர் கதையாகப் புதுக் காட்சிகள் எடுத்தார். அதற்கு மேல் இன்னொரு இயக்குநர் ஸ்டெஃபனி ராத்மன் வந்து ரத்தக்காட்டேரியைச் சேர்த்தார். அந்தக் கலவைதான் 62 நிமிட 'பிளட் பாத்'. அதையே டிவிக்கு நீட்டியது 'டிராக் ஆஃப் தி வாம்பயர்'. காட்டேரியாக மாறியதும் நாயகனுக்கு முகமே மாறிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். நாயகன் வில்லியம் காம்பெல் அந்தக் கூடுதல் காட்சிகளில் நடிக்கவில்லை, வேறு ஆள் நடித்தார்.

ஆக ஒரு நெகட்டிவிலிருந்து நாலு படம், நாலு பெயர், நாலு கதை. கையேடு இதில் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கும். நீங்கள் பார்ப்பது மற்றொன்றாக இருக்கும்.

இப்படி மாட்டினால் தேடும் முறை: ஆங்கிலத் தலைப்பை ஓரமாக வையுங்கள். முதலில் இயக்குநர், அவரோடு இரண்டு நடிகர்கள். முதல் நாயகன் மட்டும் போதாது, மூன்றாம் நாலாம் இடத்து நடிகரைப் பாருங்கள். பிறகு மூல மொழித் தலைப்பு. அதன் பிறகுதான் ஆண்டு. இத்தாலிய, ஸ்பானியப் படங்களில் இயக்குநரே ஆங்கிலப் பெயர் போட்டுக்கொள்வது வழக்கம் என்பதால், தேடும்போது புனைபெயரிலும் ஒரு தடவை பாருங்கள். பிரிண்டில் தலைப்பு வரும் நொடியில் படம் சட்டென்று உறைந்து நின்றாலோ, தலைப்பின் எழுத்துரு மற்ற பெயர்களின் எழுத்துருவோடு ஒட்டாமல் இருந்தாலோ, அது பிற்பாடு ஒட்டிய தலைப்பு.

'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' 1959 என்கிறது புத்தகம். அதில் நடித்த பெலா லுகோசி 1956-இலேயே இறந்துவிட்டாரே?

இறப்பதற்கு முன், படத்தின் இயக்குநர் எட் வுட் வேறொரு யோசனையில் லுகோசியை எடுத்து வைத்திருந்த சில நிமிடக் காட்சிகள்தான் படத்தில் இருப்பவை. மீதி இடங்களில் முகத்தை மேலங்கியால் மறைத்துக்கொண்டு வருபவர் வேறு ஆள், எலும்பு மூட்டுச் சிகிச்சை செய்பவர். மற்றக் காட்சிகள் 1956-இல் எடுக்கப்பட்டன. 1957-இல் 'கிரேவ் ராபர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற பெயரில் ஒரு முன்னோட்டக் காட்சி. பொது வெளியீடு அதற்கும் பின்னால். அதனால்தான் புத்தகத்துக்குப் புத்தகம் 1956, 57, 58, 59 என்று ஆண்டு மாறுகிறது. கையேட்டின் முன்னுரையில் 'ஆண்டு' என்றால் தயாரிப்பா, வெளியீடா, பதிப்புரிமை ஆண்டா என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாத புத்தகத்தில் ஒன்றிரண்டு ஆண்டு முன்னே பின்னே தேடுங்கள்.

எழுதியவர் படத்தைப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கதைச் சுருக்கம் முதல் இருபது நிமிடத்தோடு நின்றுவிடும். விளம்பரத் தாளில் அவ்வளவுதான் இருக்கும். பாத்திரப் பெயர் இருக்கும், ஆனால் ஒரு காட்சிகூட வராது. போஸ்டரில் உள்ள அரக்கனை வர்ணிப்பார், படத்திலோ அந்த அரக்கன் வரவே மாட்டான். மலிவுப் படங்களில் போஸ்டர் முதலில், படம் பிறகு.

வேண்டுமென்றே வைத்த பொய்யும் உண்டு. மோசமான படங்களைக் கேலி செய்யும் மெட்வெட் சகோதரர்களின் 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' (1980) புத்தகத்தில் ஒரு படம் கற்பனை, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகர்களுக்கே சவால் விட்டிருந்தார்கள். 'டாக் ஆஃப் நார்வே' என்பதுதான் அது. ஒரு புத்தகத்தில் மட்டும் இருந்து வேறெங்குமே இல்லாத படத்தை உங்கள் பட்டியலில் ஏற்றுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லெனார்ட் மால்டின் கையேடு பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்குங்கள். ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த அந்தப் பொதுப் படக் கையேடு 2014-இல் வந்த 2015 பதிப்போடு நின்றுவிட்டது, இனிப் புதுசு இல்லை. தடிமனுக்கு எல்லை உண்டு என்பதால் புதுப் படங்கள் ஏற ஏற பழைய படங்களை எடுத்துவிட்டார்கள். பழையவற்றுக்குத் தனியாக 'கிளாசிக்' தொகுதி போட்டார்கள். கார்மன் வகைக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வேண்டுமென்றால் 1990-களின் பதிப்பே மேல்.

ஐயா, முதுகு விட்டுப்போய்த் தாள் தாளாக வருகிறது. என்ன செய்ய? (சென்னை)

இவை தைத்த புத்தகங்கள் அல்ல, பசையால் ஒட்டியவை. வருஷமானால் பசை காய்ந்து நொறுங்கும். பெவிக்விக் மாதிரி உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி போல இறுகி, அடுத்த முறை திறக்கும்போது தாளையே கிழித்துக்கொண்டு வரும். புத்தகக் கட்டுக்கான வெள்ளைப் பிவிஏ பசையை மெல்லிய தூரிகையால், விட்டுப்போன தாளின் உள் ஓரத்தில் 2 மி.மீ. அகலத்துக்கு மட்டும் தடவுங்கள். அதிகமானால் ஈரத்தில் தாள் அலை அலையாகும், பக்கத்துத் தாளும் ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனம் ஏற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். பக்கத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்காமல், பாதி திறந்து வைத்து போனில் படம் எடுங்கள்.

அண்ணை, இணையத்தில எல்லாம் இருக்கேக்க புத்தகம் ஏன் வேணும்? (யாழ்ப்பாணம்)

பெயர், ஆண்டு, நடிகர் பட்டியலுக்கு இணையம் போதும். அமெரிக்கப் படங்களுக்கு அமெரிக்க ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் (ஏஎஃப்ஐ) அட்டவணையை இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் இணையப் பதிவுகள் பலவும் இந்தப் புத்தகங்களிலிருந்தே ஏறியவை, அச்சுப் பிழையோடு. மூன்று தளங்களில் ஒரே தப்பு இருப்பதை மூன்று சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு படம் எந்தெந்த நாட்டில் எந்த வெட்டோடு வந்தது என்பதற்கு 1990 முதல் 2017 வரை வந்த டிம் லூகாஸின் 'வீடியோ வாட்ச்டாக்' இதழ்களை இன்னும் யாரும் மிஞ்சவில்லை.

நம் ஊர்ப் படம் ஏதாவது இந்தக் கையேடுகளில் உண்டா?

பீட் டூம்ஸின் 'மோண்டோ மகாப்ரோ' (1997) ராம்சே சகோதரர்களின் இந்திப் பேய்ப் படங்களை, துருக்கி, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் படங்களோடு சேர்த்துப் பேசுகிறது. தமிழுக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் வரலாற்று நூல் இருக்கிறது. பட்டியல் என்ற அளவில் அதற்கு ஈடில்லை, ஆனால் விமர்சனம் எதிர்பார்க்கக் கூடாது. ராஜாத்யக்ஷாவும் பால் வில்லமெனும் தொகுத்த 'என்சைக்ளோபீடியா ஆஃப் இந்தியன் சினிமா' (1994, திருத்திய பதிப்பு 1999) படங்களை ஆண்டு வரிசையில் அடுக்குகிறது. ஃபில் ஹார்டி தொகுத்த, 'ஆரம்' வரிசையில் வந்த திகில் பட என்சைக்ளோபீடியாவும் (1985) அதே அடுக்குதான், வில்லமென் அதிலும் எழுதியவர். இரண்டிலும் பின்பக்கத் தலைப்பு அட்டவணையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் கையேடுகளிலேயே தேட வேண்டுமென்றால் 'தி ஜங்கிள்' (1952) பாருங்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்டின் லிப்பெர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தது, தமிழ்ப் படங்கள் இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் பங்குண்டு. யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன மாமூத் யானை ஆக்கியிருப்பார்கள். தமிழில் 'காடு'. ஆங்கிலப் பட்டியலில் தேடும்போது 'தி'-யை விட்டுவிட்டு ஜங்கிள் என்றே தேடுங்கள். அதே பெயரில் வேறு படங்களும் வரும், ராட் கேமரன், சீசர் ரொமேரோ பெயர்கள் இருக்கும் பதிவுதான் நம்முடையது.