வெள்ளைத் துணியில் புள்ளி வைத்தது யார்?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின். கொஞ்ச நாளாக வெள்ளைத் துணிகளில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. ப்ளீச் போட்டால் இன்னும் கெட்டியாகிறது. சர்வீஸ்காரர் வந்து, "டிரம் துருப்பிடிச்சிருக்கு மேடம், மாத்த எட்டாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றுவதா, புது மெஷினே வாங்கிவிடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். டிரம் எவர்சில்வர், மூன்று வருஷத்தில் லேசில் துருப்பிடிக்காது. முதலில் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து, விரலை விட்டு ஒரு சுற்று துழாவுங்கள். ஹேர்பின்னோ ஊக்கோ சிக்கியிருந்தால் எடுத்துப் போடுங்கள், அதோடு தொல்லை தீரும்.

அங்கே ஒன்றும் இல்லையா? குழாயை மூடிவிட்டு, மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றுங்கள். அது மாட்டியிருந்த வாயில் விரல்நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். அதில் செங்கல் பொடியைக் குழைத்து அப்பின மாதிரி சேறு இருந்தால், ஆள் அகப்பட்டாயிற்று: தண்ணீரில் இரும்பு. போர்வெல் தண்ணீரில் இரும்பு கரைந்திருந்தாலும் வாளியில் பிடிக்கும்போது தெளிவாகத்தான் தெரியும். காற்றும் சோப்பின் காரமும் சேர்ந்ததும் அது துருவாகித் துணியில் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே கறை விழலாம். ப்ளீச் அந்த இரும்பை இன்னும் வேகமாகத் துருவாக்கும்; உங்கள் புள்ளிகள் கெட்டியானது அதனால்தான்.

முன்பு இல்லாதது இப்போது ஏன் என்றால், சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், கேட்க வேண்டும். பெங்களூருக்கான காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிய பிறகும் காவிரி, போர்வெல், டேங்கர் மூன்றையும் ஒரே சம்ப்பில் கலக்கிற குடியிருப்புகள் நிறைய. வாட்ச்மேனிடம் டேங்கர் வந்த தேதிகளை வாங்கி, கறை விழுந்த நாட்களோடு ஒப்பிடுங்கள். பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை அதே தண்ணீர், அதே பவுடரில் வாளியிலும் துவைத்துப் பாருங்கள். அதுவும் பழுப்பேறினால் மெஷின் மேல் பழி இல்லை. தண்ணீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்து, இரும்பு எவ்வளவு என்று எழுதி வாங்கி அசோசியேஷன் கூட்டத்தில் வையுங்கள். இரும்பு நீக்கும் ஃபில்டர் மொத்தக் கட்டடத்துக்கும் போட வேண்டிய சமாச்சாரம். குழாயில் மாட்டச் சொல்லி விற்கிற வெள்ளை உருண்டைகள் போட்ட டப்பா உப்புப் படிவைத் தடுக்கத்தான். அதை நம்பி இதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

விழுந்த புள்ளிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு அலசுங்கள். நிறைய துணி என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட், அரை மணி ஊறல். இதெல்லாம் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். முக்கியமாக, ப்ளீச் போட்ட துணியை நன்றாக அலசாமல் இதில் போடாதீர்கள். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் விஷ வாயு வரும்.

சர்வீஸ்காரர் விஷயம்: டிரம்மில் எந்த இடத்தில் துரு என்று காட்டச் சொல்லுங்கள். என்ன கோளாறு, என்ன பாகம், என்ன விலை என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதுமே பாதி டிரம்கள் குணமாகிவிடும்.

கேள்வி: கலர் துணிகளில் நீலமாக, எண்ணெய் சிந்தினது போலத் திட்டுகள். எங்கள் வீட்டில் நீல எண்ணெயே கிடையாதே?

பதில்: மெஷினில் துணிக் கண்டிஷனர் ஊற்றுகிறீர்கள் அல்லவா, அதுதான். தண்ணீர் கலக்காமல் துணிமேல் பட்டால் திட்டு விழும். பார் சோப்பை நனைத்துத் தேய்த்து வெந்நீரில் அலசினால் போகும். அதற்கான அறையில் கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். அளவு மூடி விளையாட்டுப் பொருள் அல்ல. சாம்பல் நிறத்தில் பிசுக்காக வந்தால் அது வேறு. எப்போதும் பச்சைத் தண்ணீரில், பவுடரை அள்ளிப் போட்டுத் துவைத்ததில் உள்ளே சேர்ந்த அழுக்கு. துணி இல்லாமல் 60 டிகிரியில் ஒரு முறை ஓட்டுங்கள்.

கேள்வி: சாம்பார் சிந்தின இடம் சோப்பு போட்டதும் சிவப்பாகிவிட்டது!

பதில்: மஞ்சள்தூளில் சோப்பின் காரம் பட்டால் அப்படித்தான். அலசி வெயிலில் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது.

கேள்வி: டிரை கிளீனிங் கொடுத்த பட்டுப்புடவை, கொடுக்கும்போது இல்லாத கறையோடு திரும்பி வந்தது. "சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்று ரசீதிலேயே இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: ரசீதில் அச்சடித்துவிட்டால் உங்கள் உரிமை போய்விடாது. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள். கடைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. ரசீதும் போட்டோவும் பத்திரம். "இன்னொரு தடவை வாஷ் பண்ணித் தர்றோம்" என்று கேட்டாலும் புடவையைக் கொடுத்துவிடாதீர்கள், நீங்களும் தண்ணீரில் போடாதீர்கள். அந்தக் கறைதான் உங்கள் சாட்சி.