பிவிசி குழாய்த் தொலைநோக்கி: கோணல் எங்கே?

கேள்வி (பட்டர்வொர்த்): அண்ணே, 80 மி.மீ. லென்ஸ், 900 மி.மீ. குவியத் தூரம், பிவிசி குழாய். நிலா நன்றாகத் தெரிகிறது. நட்சத்திரத்துக்கு மட்டும் ஒரு பக்கம் வால் முளைக்கிறது. லென்ஸ் திருகைத் திருப்பவா?

பதில்: பொறுங்கள் தம்பி. நானும் முதல் குழாயில் இரண்டு ராத்திரி திருகோடு மல்லுக்கட்டினேன். கோணல் இருந்தது ஃபோகசரில், அதாவது கண்வில்லையைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதியில். லென்ஸைக் கூட்டோடு கழற்றிவிட்டு, குழாய் வாயில் நடுப்புள்ளி குறித்த தாளை ஒட்டுங்கள். ஃபோகசரில் லேசரைச் செருகினால் ஒளி அந்தப் புள்ளியில் விழ வேண்டும். லேசரை அங்கேயே சுழற்றுங்கள். ஒளி வட்டம் போட்டால் லேசரே கோணல். லேசர் சரி, ஒளிதான் விலகுகிறது என்றால் பெரும்பாலும் குழாயை அறுத்தது சரியில்லை. குழாயைச் சுற்றி ஒரு தாளை விளிம்போடு விளிம்பு சேர்த்துச் சுற்றி, அந்த விளிம்பை ஒட்டிக் கோடு போட்டு அறுங்கள்.

கேள்வி (கூலிம்): ஃபோகசர் நேர்தான். லென்ஸை எப்படிப் பார்ப்பது?

பதில்: முன்மூடியை மாட்டுங்கள். கண்வில்லை இடத்தில் சின்னக் குழாய், அதற்குள் நடுவில் துளையிட்ட வெள்ளை அட்டையை 45 பாகை சாய்த்து வைத்து, அந்தச் சின்னக் குழாயின் பக்கவாட்டில் வெட்டிய ஜன்னல் வழியாக அட்டைமேல் டார்ச் அடியுங்கள். துளை வழியே லென்ஸ் பரப்புகளின் பிரதிபலிப்புகள் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் சரி. விலகினால் லென்ஸ் கூட்டில் உள்ள இழுக்கும் திருகைத் தளர்த்திய பிறகே தள்ளும் திருகைத் திருப்புங்கள், அதுவும் எட்டில் ஒரு சுற்று. என்ன செய்தும் சேரவில்லையா, லென்ஸில் உள்ள இரண்டு கண்ணாடிகளும் தங்களுக்குள்ளேயே மையம் விலகியிருக்கும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): துருவ நட்சத்திரத்தில் சோதிக்கச் சொல்கிறார்களே?

பதில்: அது வடக்கே இருப்பவர்களுக்கு. பினாங்கில் அது அடிவானுக்கு மேல் ஐந்து பாகைதான். காற்றுக் கலங்கலில் நேரான லென்ஸும் கோணலாகத்தான் தெரியும். பங்குனியில் இரவு ஒன்பது மணிவாக்கில் புரோசியான் என்ற நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். புரட்டாசியில் திருவோணம். 6 மி.மீ. கண்வில்லை போட்டு ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குங்கள். நட்சத்திரம் வளையங்களாக விரியும், அவை ஒரே மையத்தில் இருக்க வேண்டும். திருகைத் தொட்டதும் நட்சத்திரம் ஓடிவிடும், நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே முடிவு செய்யுங்கள். டயாகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) வேண்டாம், அதன் கோணலும் சேர்ந்து குழப்பும். கழுத்து வலிக்கும், பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நட்சத்திரத்தைச் சுற்றிலும் ஊதா நிறம் தெரிகிறதே?

பதில்: சாதாரண இரட்டை லென்ஸின் குணம். திருகால் போகாது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பூஞ்சை பிடித்ததால் பிரித்துத் துடைத்தேன். இப்போது எதுவுமே கூர்மையாக இல்லை.

பதில்: திருப்பிப் போட்டிருப்பீர்கள். வழக்கமான லென்ஸில் இரண்டு வகைக் கண்ணாடி உண்டு: இருபுறமும் குவிந்த கிரவுன் கண்ணாடி வானத்தைப் பார்க்கும், ஃபிளிண்ட் கண்ணாடி கண்ணைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடும் மூன்று மெல்லிய தகடுகள் இருந்திருக்குமே? துடைத்த துணியை உதறிப் பாருங்கள்.