வைத்தியர் பதில் (2021 ஒக்டோபர்): சந்தையில் ஒருவருக்கும் கொவிட் தொற்று இல்லை என்றால் ஊரில் தொற்று இல்லையா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியில் சிறியதொரு புடவைக்கடை நடத்தி வருகிறேன். கணவர் வாரத்தில் இரண்டு தடவை லொறியில் தம்புள்ளைச் சந்தைக்குச் சென்று மரக்கறி ஏற்றி வருகிறார். எங்களுடன் 71 வயதான அம்மாவும் இருக்கிறார். அவருக்கு நீரிழிவு உண்டு, சினோபாம் கொவிட் தடுப்பூசி இரண்டும் போட்டாகிவிட்டது. கடந்த வாரம் சந்தையில் 60 பேருக்குக் கொவிட் தொற்றை விரைவாகக் கண்டறியும் அன்டிஜன் பரிசோதனை செய்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி ஊரடங்கும் நீக்கப்பட்டுவிட்டது. இனிப் பயமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். தீபாவளி வியாபாரத்துக்குக் கடையை முழுமையாகத் திறக்கலாமா? கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு தடவை பரிசோதிப்போம் என்றால், தொற்று உறுதியானால் கடையைப் பூட்டிவிடுவார்கள், கூலியும் போய்விடும் என்று தயங்குகிறார்கள். தரம் 4இல் படிக்கும் மகனைப் பாடசாலைக்கு அனுப்பலாமா?

பதில்: கடையைத் திறவுங்கள். ஏறக்குறைய ஆறு வாரம் மூடிக் கிடந்த கடைக்குத் தீபாவளி வியாபாரம் எவ்வளவு முக்கியம் என்பதை நான் அறிவேன். வறுமையும் நோயைப் பெருக்கும் ஒரு காரணம் என்பதால், வீட்டிலேயே இருங்கள் என்று மட்டும் சொல்லி விலகிவிட எந்த வைத்தியருக்கும் உரிமையில்லை. ஆனால் சந்தையில் 60 பேருக்குத் தொற்று இல்லை என்ற முடிவை நம்பி மட்டும் திறக்காதீர்கள். அந்த முடிவு நீங்கள் நினைப்பதை விட மிகக் குறைவாகவே நமக்குச் சொல்கிறது.

எழுமாற்றாகத் தெரிவு செய்யப்பட்ட 60 பேரில் ஒருவருக்கும் தொற்று காணப்படாவிட்டால், அந்தச் சமூகத்தில் தொற்றுள்ளவர்களின் வீதம் பூச்சியம் என்று பொருளல்ல. இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. 3ஐப் பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தொற்று அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை 95 வீத நம்பிக்கையுடன் கூறலாம். 3ஐ 60ஆல் வகுத்தால் கிடைப்பது 5 வீதம். அதாவது 10,000 பேர் வாழும் பகுதியொன்றில் 500 பேர் வரை தொற்றுடன் நடமாடினாலும், சந்தையில் சோதித்த 60 பேரில் ஒருவரும் அகப்படாமல் போகலாம். இதுவும் பரிசோதனை பிழையே விடாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2021 மார்ச்சில் வெளியிட்ட மீளாய்வின்படி, அறிகுறி உள்ள தொற்றாளர்களில் சுமார் 72 வீதத்தினரையும், அறிகுறி இல்லாதவர்களில் சுமார் 58 வீதத்தினரையுமே அன்டிஜன் பரிசோதனை கண்டுபிடிக்கிறது. சந்தைக்கு வந்து நின்றவர்கள் பெரும்பாலும் அறிகுறி இல்லாதவர்கள் என்பதால், அந்த 5 வீத எல்லை 8 வீதத்துக்கும் மேலே போய்விடுகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே நெருப்பில் ஒரே நீரில் வேகும்போது பொருந்தும். ஊர் அப்படி வேகுவதில்லை. காய்ச்சலோடு இருப்பவர் அன்று சந்தைக்கு வந்திருக்க மாட்டார். பரிசோதனை நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அடுத்த ஒழுங்கையால் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேட்டிலும் காண முடியாது. நாம் அதிகம் அறிய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

அவர்கள் ஏன் ஒதுங்குகிறார்கள் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் கடைப் பிள்ளைகளின் தயக்கமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி இறுதி வரை, இலங்கையில் கொவிட்டால் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் அனுமதித்திருந்தபோதிலும், மருத்துவ நியாயமற்ற அந்த விதி காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற, இறந்தவரை அடக்கம் செய்யும் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் எத்தகைய அச்சத்தை விதைத்தது என்பதை நாம் அருகிலிருந்து கண்டோம். தகப்பனுக்கு மூச்சுத்திணறல் வந்தபோதும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் உடலே கிடைக்காது என்று அஞ்சித் தாமதித்த குடும்பங்களை நான் குறை கூறமாட்டேன். மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிய பின்னரும் அந்த அச்சம் ஒரே நாளில் கரையவில்லை. தமிழ்க் கிராமங்களில் அச்சத்துக்குக் காரணம் வேறு: தொற்றாளர் வீடு என்று வாசலில் ஒட்டப்படும் அறிவித்தல், அயலவர் கிணற்றடிப் பக்கமே வராமல் விடுவது, அன்றாடக் கூலியில் வாழும் வீட்டுக்கு 14 நாள் வருமானம் இல்லாமற் போவது. ஓர் ஊர் முடக்கப்பட்டபோது அடுத்த ஊரார் அந்த ஊர்ச் சனத்தின் மீதே பழியைப் போட்டதும் நடந்தது. நோயைக் கண்டுபிடிப்பதால் தண்டனை கிடைக்கும் என்று நினைக்கும் சமூகத்தில், பரிசோதனைக் கருவிகளை எத்தனை பெட்டி இறக்கினாலும் தொற்று மறைந்தே இருக்கும். மறைந்திருக்கும் தொற்றின் மேல் ஊரைத் திறப்பதுதான் உண்மையான ஆபத்து.

ஆகவே உங்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், வேலை செய்யும் பிள்ளைகளிடம் இன்றே ஓர் உறுதி கொடுப்பது: காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மணம் தெரியாமை என்று எது வந்தாலும் வேலைக்கு வராமல் உடனே சொல்லுங்கள், தனிமையில் இருக்கும் நாட்களுக்கும் கூலி தருவேன். சிறு கடைக்கு இது பாரம்தான். ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கடை முழுவதும் தனிமைப்படுத்தப்படுவதோடு ஒப்பிட்டால் சிறிய பாரம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடன் முன்கூட்டியே கதைத்து, ஒருவருக்குத் தொற்று உறுதியானால் யார் யார் நெருங்கிய தொடர்பாளராகக் கொள்ளப்படுவார்கள் என்று கேட்டு வையுங்கள். வேலையை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மற்றதைச் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால், கடை முழுவதும் பூட்டும் நிலை வராமல் தடுக்கப் பெரிதும் உதவும்.

எல்லோரையும் ஒரே தடவையில் பரிசோதிக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் ஆதரிக்கவில்லை. அறிகுறியே இல்லாத 1,000 பேரில் 5 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்டிஜன் பரிசோதனை அவர்களில் 3 பேரைப் பிடிக்கும். தொற்றற்றவர்களில் 99 வீதத்தினரைச் சரியாகச் சொல்லும் நல்ல கருவியாக இருந்தாலும், எஞ்சிய 1 வீதமான சுமார் 10 பேருக்குத் தவறாகத் தொற்று என்று காட்டும். ஆக 13 பேரில் 10 பேர் வீணாகத் தனிமைப்படுத்தப்படுவர். 2 தொற்றாளர்கள் தொற்று இல்லை என்ற சான்றிதழுடன் வேலைக்குத் திரும்புவர். அறிகுறி உள்ளவரையும் தொற்றாளரின் நெருங்கிய தொடர்பாளரையும் பரிசோதிப்பதே பயனுள்ளது. அறிகுறியில்லாத ஒருவருக்குத் தொற்று என்று வந்தால் ஆய்வுகூடத்தில் செய்யப்படும் கூடுதல் துல்லியமான பீசீஆர் பரிசோதனை மூலம் உறுதிசெய்யக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் தொற்று நுழையக்கூடிய பெரிய வழி கடையல்ல, தம்புள்ளை லொறி. 2020 ஒக்டோபரில் கொழும்பை அண்டிய பேலியகொடை மீன் சந்தையில் பரவிய தொற்று, அங்கு போய் வந்தவர்களோடு சில நாட்களிலேயே வாழைச்சேனைக்கு வந்து, அந்தப் பொலிஸ் பிரிவே முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையிலும் அதுவே நடந்தது. பல மாவட்டத்தவர் கூடும் சந்தையில் நிற்பவர் தன் ஊரின் நிலைமையோடு அல்ல, அத்தனை ஊர்களின் நிலைமையோடும் வீடு திரும்புகிறார். கொரோனா வைரஸின் டெல்டா திரிபில் தொற்றி ஏறத்தாழ 4 நாட்களில் அறிகுறி தொடங்குகிறது. ஆதலால் கணவர் திரும்பிய மறுநாளே செய்யும் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வருவது அநேகமாக எதையும் நிரூபிக்காது. லொறியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம், அங்கு சாப்பிடும்போது கூட்டத்திலிருந்து விலகியிருத்தல், வீட்டில் அம்மாவின் அறையில் படுக்காமை, அவருடன் ஒரே மேசையில் உண்ணாமை ஆகியவையே அம்மாவைக் காக்கும். வாரம் இரண்டு பயணம் தொடரும் வரை இந்த ஒழுங்கும் தொடர வேண்டியிருக்கும் என்பது மனதுக்குக் கஷ்டமானது என்பதை உணர்கிறேன்.

திறந்ததன் விளைவு திறந்த வாரத்தில் தெரியாது. 2021 ஏப்ரல் புத்தாண்டின்போது நாளொன்றுக்குச் சில நூறாக இருந்த புதிய தொற்று, மே நடுப்பகுதியில் 2,000ஐத் தாண்டியது. மே 21இல் நாடே மீண்டும் முடங்கியது. ஓகஸ்ட் இறுதியிலோ ஒரே நாளில் 200க்கும் மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டன. தொற்று, அறிகுறி, பரிசோதனை, வைத்தியசாலை, மரணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இடையில் நாட்கள் கடக்கின்றன. ஒக்டோபர் 1இல் திறந்ததன் பலன் ஒக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே தெளியும். நவம்பர் 4ஆம் திகதித் தீபாவளிக்கு முன் உங்களுக்கு இருக்கும் உண்மையான அடையாளம் அதுதான். அப்போது தொற்றாளர் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை பேரைப் பரிசோதித்ததில் அத்தனை பேர் என்று கேளுங்கள். முன்னர் 100 பேரில் 20 பேருக்கும் இப்போது 30 பேரில் 10 பேருக்கும் தொற்று என்றால், தொகை பாதியாகியிருந்தாலும் நிலைமை மோசமாகியிருக்கிறது. இந்த வீதம் இரண்டு வாரம் தொடர்ந்து 5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் கூறிய அளவு.

கடையில் கதவையும் யன்னல்களையும் திறந்து வையுங்கள், குளிரூட்டி வேண்டாம். ஒரு நேரத்தில் உள்ளே இருப்போரின் தொகையை மட்டுப்படுத்தி, உடை போட்டுப் பார்க்கும் சிறிய அறையை இவ்வருடம் மூடிவிடுங்கள். கைக்குத் தொற்றுநீக்கி மருந்து தெளிப்பதை விடக் காற்றோட்டம் முக்கியம்.

அம்மாவுக்கு இரண்டு ஊசியும் போட்டது பெரிய பாதுகாப்பு. ஆயினும் முதியவர்களிடம், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களிடம், நோயெதிர்ப்பு குறைவாகவே உருவாகும்; மூன்றாவது ஊசி அறிவிக்கப்பட்டால் அவரை முதல் நாளே அழைத்துச் செல்லுங்கள். இன்னுமொன்று: மட்டக்களப்பில் இனி மாரி. மழையோடு டெங்கும் வரும், காய்ச்சலை டெங்கு என்றோ கொரோனா என்றோ வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். ஐபுபுரோபன், டைக்குளோபெனக் போன்றவை டெங்கில் இரத்தப்போக்கை உண்டாக்கும். கொரோனாப் பரிசோதனையோடு மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனையும் செய்விக்க வேண்டும். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரில் இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 94க்குக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, புதிதாகக் குழப்பமாகப் பேசினாலோ காத்திராமல் 1990 அம்பியுலன்ஸை அழையுங்கள்.

மகனின் பாடசாலையைப் பொறுத்தவரை, மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளை முதலில் திறக்க எடுக்கப்பட்டுள்ள முடிவை நான் வரவேற்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நோய் கடுமையாவது அரிது, ஆனால் ஒன்றரை வருடப் படிப்பிழப்பு அரிதல்ல. இணையவழிக் கற்றலுக்குக் கைத்தொலைபேசி இல்லாத வீடுகள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எத்தனை என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அவனை அனுப்புங்கள். வகுப்பறையின் யன்னல்கள் திறந்திருக்கின்றனவா, ஆசிரியர்கள் தடுப்பூசி போட்டுள்ளார்களா என்று அதிபரிடம் கேளுங்கள். தடிமன் இருக்கும் நாளில் அவனை வீட்டில் வைத்திருங்கள். பாடசாலையிலிருந்து வந்ததும் அம்மம்மாவைக் கட்டிப்பிடிக்கும் பழக்கம் இருந்தால், அதைத் தடுக்க வேண்டாம். கைகால் முகம் கழுவி, உடை மாற்றிவிட்டு, காற்றோட்டமான முன்விறாந்தையில் இருவரும் இருக்கட்டும்.