தோழியின் கையும் என் தட்டும்: கேள்வி பதில்

உடம்பை மற்றவரோடு ஒப்பிடுவதையும், உணவுக் கோளாறு என்னும் சாப்பாட்டு வருத்தத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டக்களப்பு உளவளத்துணையாளர் ஒருவரின் பதில்கள்.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி: டியூசனில் பக்கத்தில் இருக்கும் தோழி மெல்லிசு. அவளைப் பார்த்துவிட்டு வந்தால் மத்தியானச் சோறு இறங்காது. இரவில் எல்லோரும் படுத்த பிறகு குசினியில் நின்றபடி மிச்சப் பிட்டு முழுவதையும் தின்றுவிடுகிறேன். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

அது பசி, தங்கச்சி. மத்தியானம் விட்ட சோற்றை உடம்பு இரவில் கேட்டு வாங்குகிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கே நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. மறுகா சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது வயிறு முட்டத் தின்றும் சிலருக்கு அடங்கவில்லை.

அவளைப் பார்க்காதே என்று சொல்லமாட்டேன். மனிதர் தம்மை அளப்பதே மற்றவரோடு ஒப்பிட்டுத்தான் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதிவிட்டார். ஆனால் அவளுடைய கை மொத்தத்தை அளக்கும் நீங்கள், அவள் இரசாயனவியலில் எடுத்த புள்ளியை அளப்பதில்லையே! முதலில் மத்தியானச் சோற்றைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், பின்னேரமும் ஏதாவது சாப்பிடுங்கள். இராப் பிட்டின் இழுவை மெல்லக் குறையும். குறையாவிட்டால் வந்து கதையுங்கள்.

ஆரையம்பதி, தாய்: சாமத்திய வீட்டில் "மச்சாளைப் பார், என்ன வடிவு" என்று மகளிடம் சொன்னது நான்தான். இப்போது சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள்.

உங்கள் ஒரு சொல்லால் மட்டும் வந்ததல்ல, அக்கா. பரம்பரை, பதட்டம் என்று பலதும் சேரும். அந்தப் பேச்சை மட்டும் இன்றோடு விடுங்கள், "இப்ப மெலிஞ்சிட்டாய்" என்ற பாராட்டு உட்பட. வாந்தி எடுக்கிறாள் என்றால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு குழம்பலாம். மயக்கமோ படபடப்போ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. இல்லாவிட்டாலும் இந்தக் கிழமைக்குள் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கதவைத் தட்டி அதட்டாதீர்கள். சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதையுங்கள்.

அக்கரைப்பற்று, இளைஞர்: இது பொம்பிளைப் பிள்ளைகளின் வருத்தம்தானே?

இல்லை தம்பி. ரீல்ஸில் பார்த்த தோளை நினைத்து, கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கை வைக்கப் பயந்து எழும்பும் ஆண்களும் என்னிடம் வருகிறார்கள்.

கல்முனை, ஆசிரியை: முன்பு இதெல்லாம் இங்கே இல்லையே?

பிஜியில் பருத்த உடம்பே அழகு என்றிருந்த ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி போனது. மெலிவதற்காக வாந்தியெடுக்கும் மாணவி அப்போது ஒருத்தியும் அகப்படவில்லை. 1998இல் ஆய்வாளர் ஆன் பெக்கரின் குழு கேட்டபோது நூற்றுக்கு 11 பேர். தொலைக்காட்சி மட்டுமே காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஃபோன் தலையணைக்குக் கீழேயே கிடக்கிறது, டீச்சர்.

பெயர் வேண்டாம்: நான் எலும்பும் தோலுமாக இல்லை. போனால் சிரிக்கமாட்டார்களா?

பாருங்கள், வருத்தத்திலும் ஒப்பீடு! இந்த வருத்தம் எந்த நிறையிலும் வரும். நேரில் போகக் கூச்சமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள்.