டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெளியேற்றப்பட்டேன், இனி தொடரலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன், வயது 41. மூன்று ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்று வருகிறேன். வேறொருவரின் 17 வயதுக் குதிரையை வாரத்தில் மூன்று நாள் லீஸுக்கு எடுத்து ஓட்டுகிறேன். இரண்டு வாரங்களுக்கு முன், புதியவர்களுக்கான டிரெஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரையை வரிசையாகச் செய்யவைத்து மதிப்பெண் பெறும்) போட்டி ஒன்றில் முதன்முறையாக இரண்டு தேர்வுகளுக்கு, அதாவது இரண்டு அசைவு வரிசைகளுக்கு, பெயர் கொடுத்தேன். என் நேரம் 10.40 என்பதால் 10 மணிக்கே ஏறி வார்ம்-அப் செய்தேன். போட்டியோ 35 நிமிடம் தாமதமாக ஓடியது. என் முறை வந்தபோது குதிரை களைத்திருந்தது. பாதியில் நான் வழி மறந்து தவறான பக்கம் திரும்ப, நடுவர் மணி அடித்தார். இரண்டாம் தேர்வில் கூடாரத் துணி காற்றில் படபடத்ததும் குதிரை மிரண்டு, தாழ்வான வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது. நான் வெளியேற்றப்பட்டேன். கணவரும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இந்த ஆசை எனக்கு வேண்டுமா? வேலி தாண்டியதைக் குதிரையின் உரிமையாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தொடருங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அன்று நடந்தவற்றில் பெரும்பகுதி அந்த 35 நிமிடத் தாமதத்தில் இருந்தே தொடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆகவே முதலில் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இத்தகைய சிறு போட்டிகளில் பெரும்பாலும் ஒரே நடுவர்தான் இருப்பார். ஒருவருக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் என்று கணக்கிட்டுச் செயலாளர் பட்டியலைத் தயாரிப்பார். முப்பது பேர் என்றால் அதுவே நான்கு மணி நேரம். காலையில் ஒரு குதிரை டிரெய்லரில் இருந்து இறங்க மறுத்தாலோ, ஒருவர் கீழே விழுந்தாலோ சேரும் நிமிடங்கள், மதிய இடைவேளை வரும்வரை அடுத்தடுத்தவர்கள் தலையில்தான் விழும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். யாரேனும் விலகிக்கொண்டால் இடம் காலியாகி, களத்து வாயிலில் வரிசையைக் கவனிக்கும் பணியாளரான ஸ்டூவர்ட் உங்களிடம் வந்து, "இப்போதே போகிறீர்களா?" என்று கேட்பார். குறித்த நேரத்துக்கு முன்பாக எவரையும் களமிறங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. சிறு போட்டிகளிலும் பொதுவாக அதையே பின்பற்றுகிறார்கள். குதிரை தயாராக இல்லை என்றால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஆனால் தாமதத்தை மறுக்க எவராலும் முடியாது. அதற்கு நாம்தான் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை கடிகாரத்தை விட்டுவிட்டு, குதிரைகளை எண்ணுங்கள். சேணம் பூட்டுவதற்கு முன்பே உங்கள் கணவரைக் களத்து வாயிலுக்கு அனுப்பி, உங்களுக்கு முன் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அந்த எண்ணை எட்டால் பெருக்கினால் உண்மையான நேரம் கிடைத்துவிடும். உங்கள் குதிரையின் உடல் இளகி, அது உங்கள் காலுக்குச் செவிசாய்க்க எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்பதை வீட்டுப் பயிற்சியிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 17 வயதுக் குதிரைக்கு வெறும் நடையே கால் மணி நேரம் தேவைப்படலாம். அந்த நடையால் அது களைப்பதில்லை. அதன்பின் பத்துப் பன்னிரண்டு நிமிட டிராட் (மெல்லோட்டம்), நிறுத்தங்கள், வட்டங்கள் போதும். கடைசி ஐந்து நிமிடத்தை உங்களுக்கு முன் இரண்டு குதிரைகள் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தாமதம் என்று தெரிந்தால் இறங்கிவிடுங்கள். சேண வாரை ஒரு துளை தளர்த்தி, நிழலில் நிறுத்தி, தண்ணீர் காட்டுங்கள். ஏறியே இருந்தால்தான் ஆயத்தமாக இருக்கிறோம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஒரு ஜூலை மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என் பெண்குதிரையைச் சுற்றவைத்துவிட்டு, களத்துக்குள் நுழையும் நேரத்தில் குனிந்து பார்த்தபோது, அதன் கழுத்தில் கடிவாள வார் உரசிய இடமெல்லாம் வியர்வை வெண்ணுரையாகத் திரண்டிருந்தது. அன்று அது எனக்காக டிராட் செய்தது. ஆனால் அதன் முதுகு மரப்பலகையைப் போல இறுகியிருந்ததை இன்றும் என்னால் உணர முடிகிறது.

இனி, அந்த மணிக்கு வருவோம். வழி தவறினால் நடுவர் மணி அடிப்பது உங்களுக்கு உதவத்தான். மணி கேட்டதும் நிறுத்தி, களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்கும் எழுத்துகளில் சி அருகே அமர்ந்திருக்கும் நடுவரிடம் நடையில் செல்லுங்கள். எங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்று அவரே சொல்வார். முதல் பிழைக்கு 2 மதிப்பெண் கழியும், இரண்டாவதற்கு 4, மூன்றாவது பிழையில் வெளியேற்றம். தேர்வின் மொத்தம் 160 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஒரு பிழையின் விலை 1.25 விழுக்காடு. அதற்குப்பின் பதற்றத்தில் தடுமாறிச் செய்த நான்கைந்து அசைவுகளில்தான் அதைவிட அதிகம் இழந்திருப்பீர்கள். நடுவருக்கு அருகில் அமர்ந்து அவர் சொல்வதை எழுதும் பணியைப் பல ஆண்டுகள் செய்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை தனித்தனியே மதிப்பெண் உண்டு. ஒருமுறை, எம் எழுத்தருகே இருந்த பூந்தொட்டியைக் கண்டு ஒரு குதிரை பக்கவாட்டில் பாய்ந்தது. நடுவர் "3" என்றார். ஓட்டியவர் வாரை மென்மையாக்கி, மூச்சை விட்டு, அடுத்த வட்டத்தை அழகாகப் போட்டார்; நடுவர் அதே குரலில் "7" என்றார். அந்த 3 அந்தக் கட்டத்தோடு முடிந்துபோயிற்று.

வழியை மனத்தில் பதிக்க எனக்குத் தெரிந்த நல்ல முறை, வீட்டுக் கூடத்தில் நடந்து பார்ப்பதுதான். 20க்கு 40 மீட்டர் களத்தின் ஓரத்தில் இருக்கும் எட்டு எழுத்துகளையும் தாள்களில் எழுதித் தரையில் பரப்பி, கோலத்தின் புள்ளிகளைச் சுற்றி இழை இழுப்பதைப் போலத் தேர்வு முழுவதையும் காலால் வரைந்து பாருங்கள். அத்துடன், உங்கள் நிலையில் தேர்வை ஒருவர் உரக்க வாசிக்க அனுமதி உண்டு. உங்கள் மகளுக்கு வாசிக்கும் வயது வந்திருந்தால் அவளிடமே கொடுங்கள். ஆனால் முன்கூட்டி ஒத்திகை வேண்டும்; குதிரை எழுத்தை அடைந்த பிறகு வாசித்தால் காலம் கடந்துவிடும், ஓர் அசைவு முன்னதாகவே குரல் வர வேண்டும்.

நான்கு குளம்புகளும் களத்தைவிட்டு வெளியேறினால் தேர்வு முடிந்தது என்பது விதி. அது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று நினைக்காதீர்கள். கூடாரத் துணியை உங்களால் கட்டிப்போட்டிருக்க முடியாது. ஆனால் குதிரைக்கு அதை முன்பே காட்டியிருக்க முடியும். முன்னவர் வெளியேறியதும் மணி அடிக்கும்வரை களத்தின் வெளிப்புறமாகச் சுற்றிவர உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். மணி அடித்த பிறகும் உள்ளே நுழைய 45 விநாடி உண்டு. புதியவர்கள் பலர் இந்த நேரத்தை நுழைவிடமான ஏ எழுத்தின் அருகே நின்றே கழித்துவிடுகிறார்கள். நீங்கள் நடுவரின் மேசை, பூந்தொட்டிகள், கூடாரம் எல்லாவற்றையும் குதிரையின் இடக் கண்ணுக்கும் வலக் கண்ணுக்கும் காட்டிக்கொண்டே செல்லுங்கள்.

குதிரை களைத்துவிட்டது என்று களத்துக்குள் போகும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் அடெலிண்டே கொர்னெலிசன், முகம் வீங்கிக் காய்ச்சலில் இருந்து அப்போதுதான் தேறியிருந்த தம் குதிரை பார்ஸிவாலுடன் களமிறங்கி, அதற்கு உடல்நிலை சரியில்லை என்று உணர்ந்ததும் தேர்வைப் பாதியில் நிறுத்தி நடுவர்களை வணங்கி வெளியேறினார். நீங்களும் அப்படி நிறுத்தி, வணங்கி, விடைபெறலாம். செலுத்திய கட்டணத்தை நினைத்து இரண்டாம் தேர்வுக்குக் குதிரையை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. அடுத்த போட்டியில் ஒரே ஒரு தேர்வுக்குப் பெயர் கொடுங்கள்.

குதிரையின் உரிமையாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வேலி தாண்டும்போது குளம்போ முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்போ கட்டையில் இடித்திருக்கலாம். நான்கு கால்களையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவி, எங்காவது சூடோ வீக்கமோ தெரிகிறதா என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். கெட்டியான தரையில் நேர்க்கோட்டில் டிராட் செய்யவைத்து, தலை ஏறி இறங்கி நொண்டுகிறதா என்றும் கவனியுங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். எந்தக் கூடாரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் சுற்றிய பிறகு என்பதையெல்லாம் அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அந்தக் குதிரை எதற்கு மிரளும் என்பது உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும், அவர் சொல்லப்போவது அடுத்த போட்டிக்கு உங்களுக்குத் தேவைப்படும்.