இங்கிலாந்துக் கிராமத்துச் சிறுவர்கள் ஆடிய 'கான்கர்ஸ்' எப்படி ஆடுவது?

அந்த ஊர்க்காரர்களின் இளமை நினைவுகளில் அடிக்கடி வரும் கான்கர், ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் பழுப்புநிறக் கொட்டை. செப்டம்பர், அக்டோபரில் முள்தோல் வெடித்து உதிரும். சாப்பிடக் கூடாது, நஞ்சு.

கொட்டையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி ஆட்டம். தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் உள்ளே சொத்தை, மூழ்குவதே நல்லது. கூரான ஆணியால் நடுவில் துளையிட்டு, ஷூ லேஸைக் கோத்து அடியில் முடிச்சுப் போட வேண்டும். துளை பெரிதானால் முடிச்சு நழுவும். ஓரம் விரிந்தால் முதல் அடியிலேயே அங்கேதான் பிளக்கும்.

ஒருவர் கயிற்றைக் கையில் சுற்றி, இருபது சென்டிமீட்டராவது தொங்கவிட்டு அசையாமல் பிடிப்பார். மற்றவர் தன் கொட்டையால் அந்தக் கொட்டையை ஓங்கி அடிப்பார். பெரும்பாலும் மூன்று முறை அடித்ததும் ஆள் மாறுவார்கள். உடைத்தவருக்கு ஒரு புள்ளி. அதோடு தோற்ற கொட்டை அதுவரை சேர்த்த புள்ளிகளும் அவருக்கே. கயிறுகள் பின்னிக்கொண்டால் வரும் சண்டை தனி.

கொட்டையை இறுக்க வினிகரில் ஊறவைப்பது, அடுப்பில் சுடுவது எல்லாம் பழைய கள்ளத்தனம். அதிகம் சுட்டால் கொட்டை நொறுங்கிவிடும். போன வருடத்துக் கொட்டையைப் பத்திரப்படுத்துவதே மேல், காய்ந்து இறுகியிருக்கும். 1965-இல் நார்தாம்ப்டன்ஷயரின் ஆஷ்டன் கிராமத்தில் இதற்கு உலகப் போட்டியே தொடங்கினார்கள்.