வியட்நாம் போரை நிறுத்தியது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் போரை அமெரிக்க மாணவர் போராட்டம்தான் நிறுத்தியது என்று பல காலமாகக் கேட்டு வருகிறேன். ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பெரிய ஊர்வலங்கள் நடந்தது 1969இல். படை முழுவதும் வெளியேறியது 1973இல். மக்கள் வேண்டாம் என்ற பிறகும் ஒரு ஜனநாயக அரசால் நான்கு ஆண்டுகள் எப்படிப் போரை இழுக்க முடிந்தது? போராட்டம் வீண்தானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கணக்கு சரிதான். போரில் இறந்த அமெரிக்கப் படையினர் 58,220 பேர். அவர்களில் 21,000க்கும் மேற்பட்டோர் இறந்தது 1969 முதலான ஆண்டுகளில், அதாவது அதிபர் நிக்சன் பதவியேற்று ‘கௌரவமான அமைதி’ பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

‘மக்கள் வேண்டாம் என்றார்கள்’ என்பதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது: வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா? 1965 ஆகஸ்டில் ஆம் என்றவர்கள் 24 சதவீதம், 1971 மே மாதத்தில் 61 சதவீதம். ஆனால் 1970 மே 4 அன்று கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை 13 விநாடிகளில் 67 முறை சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றபோது, கருத்துக்கணிப்பில் 58 சதவீதத்தினர் பழியை மாணவர்கள் மேல்தான் போட்டார்கள். காவல்படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். 1971 மார்ச்சில், அமெரிக்கப் படையினர் வியட்நாம் கிராமத்தினரைக் கொன்ற மை லாய் படுகொலைக்காக லெப்டினன்ட் காலிக்குத் தண்டனை கிடைத்தபோது 79 சதவீதத்தினர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மேலதிகாரிகளை விட்டுவிட்டு ஒருவனை மட்டும் பலி கொடுக்கிறார்கள் என்ற நியாயமான கோபமும் அதில் உண்டு. இருந்தாலும் இரண்டு மாதம் கழித்து ‘போர் தவறு’ என்ற அந்த 61 சதவீதம் என்ன சொன்னது என்பது இதிலிருந்து விளங்கும். நம் பிள்ளைகள் போனது தவறு, இவ்வளவுதான். போர் அவர்களுக்கு அலுத்துவிட்டது. அலுப்பை எதிர்ப்பு என்று நாம் வாசித்துவிடுகிறோம்.

நிக்சன் இந்த வித்தியாசத்தைப் புரிந்துவைத்திருந்தார். அலுப்பு எங்கே உறைக்கிறதோ அங்கே மட்டும் கைவைத்தார். அந்த இடம் கட்டாய ஆள்சேர்ப்பு. பழைய முறையில் ஓர் இளைஞன் 26 வயது வரை அழைப்பாணையை எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1969 டிசம்பர் 1 அன்று அது குலுக்கலாக மாறியது. ஆண்டின் 366 தேதிகளை நீல நிறச் சிமிழ்களில் அடைத்து, கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அன்று பிறந்தவர்களுக்கு எண் 1. அந்தக் குலுக்கலில் 195 வரை எண் விழுந்தவர்கள் அழைக்கப்பட்டார்கள். அதற்கு மேல் எண் விழுந்தவனுக்கு ஆபத்து ஓர் ஆண்டோடு முடிந்தது.

குலுக்கலே ஒழுங்காக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிமிழ்களை மாத வரிசையில் பெட்டியில் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்கவில்லை. கடைசியாகப் போட்ட மாதங்கள் மேலாகவே கிடந்து முதலில் கைக்கு வந்தன. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் 195க்குள் விழுந்தன. பிறந்த மாதத்தால் போர்முனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு தேதிக்கு ஓர் உருளை, எண்ணுக்கு ஓர் உருளை என்று பிரித்துத் திருத்திக்கொண்டார்கள்.

குலுக்கலைவிட முக்கியம், அழைப்புகளே குறைந்தது. 1969இல் ஏறத்தாழ 2,83,000 பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள், 1971இல் 94,000, 1972இல் 50,000க்கும் குறைவு. களத்திலும் அப்படித்தான். 1969 ஏப்ரலில் 5,43,000 ஆக இருந்த படை 1972 இறுதியில் 24,000 ஆனது. தரைப்போர் அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாம் ராணுவத்தின் தலையில் விழுந்தது. சவப்பெட்டி வருவது குறைந்தது, வீதியும் அடங்கியது. ஆனால் குண்டுவீச்சு அடங்கவில்லை. 1972 டிசம்பர் 18 முதல் 29 வரை, கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் மட்டும் இடைவெளி விட்டு, வட வியட்நாமின் ஹனோய், ஹைபோங் நகரங்கள் மீது பி-52 குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. கண்டனங்கள் எழுந்தன, ஆனால் 1969இன் கூட்டம் திரும்பி வரவில்லை.

அப்படியானால் போராட்டம் வீணா? இல்லை, உறுதியாகவே இல்லை. 1969 நவம்பரில் வட வியட்நாம் மீது பெரும் தாக்குதல் நடத்த ஒரு திட்டம் தயாராக இருந்தது. அக்டோபர் 15 அன்று நாடெங்கும் நடந்த போராட்டம் வட வியட்நாமுக்குத் தான் விடுத்திருந்த மிரட்டலின் பலத்தைக் கெடுத்துவிட்டது என்று நிக்சனே பின்னால் எழுதினார். அந்தத் தாக்குதல் அப்போது நடக்கவில்லை. கம்போடியாவுக்குள் படை நுழைந்ததும் எழுந்த கொந்தளிப்புதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை அசைத்தது. கம்போடியாவில் தரைப்படைக்குப் பணம் தரக்கூடாது என்ற சட்டம் 1971 தொடக்கத்தில் வந்தது. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனா முழுவதிலும் எந்தப் போர் நடவடிக்கைக்கும் பணம் இல்லை என்றும் சட்டமானது. போராட்டம் போரை நிறுத்தவில்லை, அதன் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. மற்றதை அலுப்பு செய்தது.

அலுப்பு செய்ததில் நம் கதையில் விடுபடும் பகுதி ஒன்று உண்டு. 1973 ஜனவரி 27 பாரிஸ் ஒப்பந்தப்படி அமெரிக்கப் படை அறுபது நாளில் வெளியேறியது, 591 போர்க்கைதிகள் வீடு திரும்பினார்கள். வட வியட்நாம் படைகளோ தெற்கில் இருந்த இடத்திலேயே இருந்தன. அமெரிக்க வீடுகளில் போர் அத்தோடு முடிந்தது, வியட்நாமில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1975 ஏப்ரல் 10 அன்று அதிபர் ஃபோர்ட், தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் இருந்த அரசுக்காக 72.2 கோடி டாலர் ராணுவ உதவி கேட்டார். காங்கிரஸ் தரவில்லை. ஏப்ரல் 23 அன்று டுலேன் பல்கலைக்கழகத்தில், அமெரிக்காவைப் பொறுத்தவரை இந்தப் போர் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபோது மாணவர்கள் ஆரவாரித்தார்கள். அதற்கு ஏழு நாள் கழித்து சைகோனில் அதிபர் மாளிகையின் வாயிற்கதவை டாங்கிகள் இடித்துக்கொண்டு நுழைந்தன.